உலோக வால்வும் முதுமையும்: வாழ்க்கைத் தரம் எங்கே தீர்மானமாகிறது?

1. கேள்வியின் இடம்

பழுதுபட்ட இதய வால்வை அகற்றிச் செயற்கை வால்வு பொருத்தும் அறுவைச் சிகிச்சையைப் பற்றிய மருத்துவ எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே வளர்ந்தவை: நோயாளி எவ்வளவு காலம் உயிர்வாழ்வார், வால்வு எவ்வளவு காலம் உழைக்கும். 1960இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஆல்பர்ட் ஸ்டாரும் பொறியாளர் லோவல் எட்வர்ட்ஸும் உருவாக்கிய, கூண்டுக்குள் பந்து அமைந்த வால்வு மைட்ரல் வால்வின் இடத்தில் வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. அன்றிலிருந்து இவ்விரு கேள்விகளுக்கான பதில்களும் மேம்பட்டே வந்திருக்கின்றன. இடையில் பெரும் சறுக்கல் ஒன்றும் நேர்ந்தது. பியார்க்-ஷைலி வால்வின் ஒரு வகையில் தகட்டைத் தாங்கும் கம்பி முறிந்து நோயாளிகள் இறந்தார்கள், 1986இல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ஆனால் 1977இல் மினசோட்டாவில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட செயின்ட் ஜூட் வால்வும் அதன் வழிவந்தவையும் பைரோலிடிக் கார்பனால் ஆன இரண்டு இதழ்கள் கொண்டவை. இந்த இயந்திர வகை வால்வுகளையே இக்கட்டுரை உலோக வால்வு என்கிறது. மனித ஆயுளுக்குள் அவை தேய்ந்துபோவதில்லை என்றே சொல்லலாம்.

வால்வு தேயாது, அதைச் சுமப்பவர் மூப்படைகிறார். இந்தக் கட்டுரையின் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. நாற்பது வயதில் எளிதாக இருந்த ஏற்பாடு எழுபது வயதில் எப்படி இருக்கிறது? உலகச் சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை வரையறுக்கும்போது, ஒருவர் தம் பண்பாட்டுக்கும் விழுமியங்களுக்கும் உள்ளே நின்று, தம் எதிர்பார்ப்புகளோடும் கவலைகளோடும் பொருத்தித் தம் வாழ்வைத் தாமே எப்படி மதிப்பிடுகிறார் என்பதையே அடிப்படையாக வைக்கிறது. அப்படியானால் எக்கோ பரிசோதனை காட்டும் இதயத்தின் இயக்கம் மட்டும் பதிலாகிவிடாது. உலோக வால்வு பெற்ற முதியவரின் வாழ்க்கைத் தரத்தைத் தீர்மானிப்பது வால்வைவிட அதிகமாக, ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையைச் சுற்றி அமையும் அன்றாட ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் சுமை யார் தோளில் விழுகிறது என்பதே முதுமையில் முதன்மையான கேள்வி. கிடைக்கும் சான்றுகள் இந்த முடிவுக்கே இட்டுச்செல்கின்றன என்பது என் வாதம்.

2. யார் இந்த முதியவர்கள்?

இன்றைய வழிகாட்டுதல்களை மட்டும் படிப்பவருக்கு இந்தக் கேள்வியே தேவையற்றதாகத் தோன்றலாம். அமெரிக்க இதய அமைப்புகளின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, மகாதமனி வால்வைப் பொறுத்தவரை, 50 வயதுக்குக் கீழ் உலோக வால்வையும், 65 வயதுக்கு மேல் பன்றியின் வால்விலிருந்தோ மாட்டின் இதய உறையிலிருந்தோ செய்யப்படும் திசு வால்வையும் முன்னிறுத்துகிறது. இடைப்பட்ட வயதில் முடிவு ஆளுக்கு ஆள் மாறும். ஐரோப்பியர்களின் 2021 வழிகாட்டி, திசு வால்வுக்கான எல்லையை மகாதமனி வால்வுக்கு 65, மைட்ரல் வால்வுக்கு 70 என்று வைக்கிறது. முதியவர்களின் உடலில் திசு வால்வு மெதுவாகவே சிதைகிறது, வாழ்நாள் முழுவதும் உறைவு எதிர்ப்பு மருந்து வேண்டியதில்லை என்பவை இதற்கான காரணங்கள். காரணங்கள் வலுவானவைதாம். ஆனால் இந்த எல்லைகள் அறுவைச் சிகிச்சை நாளன்று நோயாளிக்கு என்ன வயது என்பதைப் பற்றியவை. முப்பது வயதில் உலோக வால்வு பெற்று இன்று அறுபத்தெட்டு வயதை எட்டியிருப்பவருக்கு அவற்றில் சொல்ல எதுவும் இல்லை.

இந்தியாவில் இந்த இரண்டாம் வகையினரே கவனத்துக்குரியவர்கள். மேற்கு நாடுகளில் வால்வு நோய் பெரும்பாலும் முதுமையின் நோய். மகாதமனி வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகுவது எழுபது வயதுக்காரரின் சிக்கல். இங்கோ பல பத்தாண்டுகளாக வால்வுகளைக் கெடுத்தது ருமாட்டிக் காய்ச்சல். சிறுவயதில் தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றின் பின்விளைவாக மூட்டுகளைத் தாக்கி, இதயத்தில் தங்கிவிடும் நோய் இது. நெரிசலான வீடுகளிலும் மருத்துவம் எட்டாத ஊர்களிலும் வளர்ந்தவர்களையே அதிகம் பிடித்தது. மைட்ரல் வால்வைக் கெடுத்தது, பெண்களைக் கூடுதலாகப் பாதித்தது. இவர்களுக்கு இளமையிலேயே வால்வு மாற்ற வேண்டியிருந்தது. இளம் உடலில் திசு வால்வு விரைவில் கெடும் என்பதால் உலோக வால்வே பொருத்தப்பட்டது.

இந்தப் பின்னணியில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் பணியைக் குறிப்பிடாமல் நகர முடியாது. அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான் தலைமையில், மூன்று மாதிரிகள் தோற்ற பின் நான்காவது மாதிரியாக உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்தது. இறக்குமதி வால்வின் விலையைக் கொடுக்க முடியாத குடும்பங்களுக்கு அது உயிர் தந்தது. அவ்வாறு உயிர் பெற்ற தலைமுறை இப்போது முதுமைக்குள் நுழைகிறது. 2021ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினரும் கேரளத்தில் 16.5 விழுக்காட்டினரும் அறுபது வயதைக் கடந்தவர்கள். நாட்டிலேயே முதுமை முந்தி வந்த இந்த மாநிலங்களில் உலோக வால்வோடு மூப்படைவது என்பது தனித்த ஆய்வுக்குரிய பொருள்.

3. ஒப்பீட்டு ஆய்வுகளும் அவற்றின் மௌனமும்

உலோக வால்வையும் திசு வால்வையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்தது முக்கியமானது. 1977 முதல் 1982 வரை 575 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்தார்கள். மகாதமனி வால்வு மாற்றியவர்களில் உலோக வால்வுக் குழுவில் 66 விழுக்காட்டினரும் திசு வால்வுக் குழுவில் 79 விழுக்காட்டினரும் அதற்குள் இறந்திருந்தார்கள். உயிர்வாழ்வில் உலோக வால்வு முந்தியது. அதே ஆய்வில் ரத்தக்கசிவு உலோக வால்வுக் குழுவில் 51 விழுக்காடு, திசு வால்வுக் குழுவில் 30 விழுக்காடு. திசு வால்வின் சிதைவோ பெரும்பாலும் 65 வயதுக்குக் குறைந்தவர்களிடமே காணப்பட்டது. எடின்பரோவில் 1975 முதல் 1979 வரை சேர்க்கப்பட்ட 541 பேரை இருபது ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு உயிர்வாழ்வில் வேறுபாடு காணவில்லை. கலிபோர்னியாவின் மருத்துவமனைப் பதிவுகளைத் திரட்டி 2017இல் வெளிவந்த ஆய்வு, உலோக வால்வு தரும் உயிர்வாழ்வு நன்மை மகாதமனி வால்வில் 55 வயது வரையிலும் மைட்ரல் வால்வில் 70 வயது வரையிலும் நீடிப்பதாகக் கூறியது. அதாவது மைட்ரல் நோயாளிகள் நிறைந்த நம் சூழலில், வயதாகிவிட்டாலே உலோக வால்வு தவறான தேர்வு என்ற எளிய முடிவுக்கு இடமில்லை.

இவை எதிலும் வாழ்க்கைத் தரம் முதன்மை அளவுகோல் இல்லை. அதைத் தனியே அளந்த ஆய்வுகள் வேறு இருக்கின்றன, பலவும் எஸ்.எஃப்.-36 என்னும் வினாநிரலைப் பயன்படுத்துகின்றன. அவற்றின் பொதுவான முடிவு ஆறுதல் தருவது: அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூச்சிரைப்பு குறைகிறது, நடமாட்டம் கூடுகிறது, இரு வகை வால்வு பெற்றவர்களுக்கும் இடையே மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. உலோக வால்வு மூடும்போது எழும் டிக்டிக் ஒலியைப் பற்றித் தனியே கேட்ட ஆய்வுகளில், இளையவர்களைவிட முதியவர்கள் அதனால் குறைவாகவே தொந்தரவு அடைகிறார்கள். அந்த ஒலி உயர் அதிர்வெண் கொண்டது. வயதோடு முதலில் மங்குவது அந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன்தான்.

இந்த ஆறுதலை அப்படியே ஏற்பதில் மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, வினாநிரல் என்ன கேட்கிறது என்பது. எஸ்.எஃப்.-36இன் 36 கேள்விகள் மாடிப்படி ஏறுவதையும் குளிப்பதையும் உடல்வலியையும் மனச்சோர்வையும் பற்றிக் கேட்கின்றன. ரத்தப் பரிசோதனைக்காக ஒரு நாளை இழப்பது பற்றியோ, ஈறில் ரத்தம் கசிந்த இரவின் அச்சம் பற்றியோ, மாத்திரை போட்டோமா இல்லையா என்ற குழப்பம் பற்றியோ அதில் கேள்வி இல்லை. கேட்கப்படாத துன்பம் மதிப்பெண்ணில் குறைவாக வராது. இரண்டாவது, யாரிடம் கேட்கப்படுகிறது என்பது. வால்வில் உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தில் பேச்சிழந்தவர் வினாநிரலை நிரப்புவதில்லை. மூளையில் ரத்தம் கசிந்து இறந்தவரும் நிரப்புவதில்லை. மிஞ்சியவர்களின் சராசரி இயல்பாகவே மேலானதாக இருக்கும். மூன்றாவது, நீண்டகால நோயோடு வாழ்பவர்கள் தங்கள் அளவுகோலையே மாற்றிக்கொள்கிறார்கள் என்பது. ஊருக்குப் போவதையும் விரும்பிய கீரையை உண்பதையும் விட்டுவிட்டு அதற்குப் பழகிய முதியவர் 'எனக்கொன்றும் குறையில்லை' என்று மனதாரச் சொல்லக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் இழந்தது அவருடைய பதிலில் இல்லை.

4. மாத்திரையின் கணக்கு

உலோக வால்வின் மீது ரத்தம் உறையும். அதைத் தடுக்க வார்ஃபரினோ அதன் உறவு மருந்தான அசினோகூமராலோ ஆயுள் முழுவதும் வேண்டும். கெட்டுப்போன இனிப்புக் குளோவர்த் தீவனத்தைத் தின்ற கால்நடைகள் ரத்தம் கசிந்து இறந்ததை விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகம் ஆராய்ந்ததிலிருந்து பிறந்த மருந்துக் குடும்பம் இது. வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதர்களுக்கான மருந்தானது. உறைதலுக்குத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் உருவாக்கும்போது வைட்டமின் கே தேவைப்படுகிறது. அந்த வைட்டமின் மீண்டும் மீண்டும் பயன்படுவதை இம்மருந்துகள் தடுக்கின்றன. விளைவை அளக்க 1983இல் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்ற அளவே ஐ.என்.ஆர். இயல்பான ரத்தத்தில் அது ஏறத்தாழ 1. இரண்டிதழ் மகாதமனி வால்வுக்கு, வேறு அபாயங்கள் இல்லாதபோது, 2 முதல் 3 வரையும் மைட்ரல் வால்வுக்கு 2.5 முதல் 3.5 வரையும் வைத்திருக்க வேண்டும். குறைந்தால் உறைவு, கூடினால் கசிவு.

இந்தக் குறுகிய பாதையில் நடப்பதால் என்ன கிடைக்கிறது என்பதை நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் 1994இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். மருந்தே இல்லாவிட்டால் உலோக வால்வுள்ள நூறு பேரில் ஆண்டுக்கு நான்கு பேருக்குப் பெரிய உறைகட்டி அடைப்பு நேரும். மருந்தால் அது ஒருவராகக் குறைகிறது. பதிலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு நேர்கிறது. இந்தப் பேரம் நியாயமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வயது கூடக்கூட இரு பக்கமும் அபாயம் ஏறுகிறது: ரத்தக்குழாய்கள் நலிகின்றன, சிறுநீரகமும் கல்லீரலும் தளர்கின்றன, தேவைப்படும் மருந்தின் அளவு குறைகிறது, உடன்வரும் மற்ற மாத்திரைகள் பெருகுகின்றன.

முதுமையின் அன்றாடம் இந்தக் கணக்கை எப்படிக் குலைக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். மூட்டுவலி இல்லாத முதுமை அரிது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் இரைப்பையை அரித்து, உறையாத ரத்தம் வழிய வாசல் திறந்துவிடுகின்றன. பாதுகாப்பானது எனக் கருதப்படும் பாராசிட்டமாலைக்கூட அதிக அளவில் தொடர்ந்து எடுத்தால் ஐ.என்.ஆர். ஏறும். சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் கோட்ரைமாக்சசோலும் வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் மெட்ரனிடசோலும் அதைச் சில நாட்களிலேயே உயர்த்திவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேரெதிராக இறக்கிவிடும். காய்ச்சலென்றால் ஊசி போட்டால்தான் தீரும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் வலுவாக இருக்கிறது; உறைவு எதிர்ப்பு மருந்து எடுப்பவருக்குத் தசையில் போடும் ஊசி உள்ளேயே ரத்தம் கட்டச் செய்யலாம். இவற்றைத் தரும் மருத்துவர் வேறு, வால்வைப் பொருத்திய மருத்துவர் வேறு, இடையே பேச்சுவார்த்தை இல்லை.

உணவில் நடப்பது இன்னும் நுட்பமானது. முருங்கைக்கீரையிலும் மற்றப் பசுங்கீரைகளிலும் வைட்டமின் கே மிகுதி. ஆகவே கீரையே கூடாது என்று பல குடும்பங்கள் முடிவு கட்டிவிடுகின்றன. உண்மையில் வேண்டியது அளவில் ஒரு சீர்மை. வாரத்தில் இத்தனை முறை, ஏறத்தாழ இவ்வளவு என்று உண்டால் மருந்தின் அளவை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள முடியும். முழுக்க விலக்கி வாழ்பவருக்கு, கல்யாண வீட்டில் ஒரு நாள் கூட்டாகவோ பொரியலாகவோ வந்த கீரையே ஏற்ற இறக்கத்தை உண்டாக்கிவிடும். முதியவருக்குச் சோற்றோடு சுவை சேர்க்கும் எளிய, மலிவான உணவு ஒன்று தேவையின்றிப் பறிக்கப்படுவதை நான் சிறிய இழப்பாகக் கருதவில்லை.

மாத்திரையை எண்ணிப் போடுவது அடுத்த சிக்கல். இந்தியாவில் பரவலாகத் தரப்படும் அசினோகூமராலின் அரை ஆயுள் ஏறத்தாழப் பத்து மணி நேரம். வார்ஃபரினுடையது நாற்பது மணி நேரத்துக்கு அருகில். ஒரு வேளை மறந்தால் முன்னதன் காப்பு விரைவில் தளர்கிறது. அளவும் பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பதில்லை: ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3 மில்லிகிராம் என்று மாறிமாறி வரும். பார்வை மங்கியவருக்கு, நினைவு தடுமாறத் தொடங்கியவருக்கு, துணையை இழந்து தனியே வாழ்பவருக்கு இது எளிய கட்டளை இல்லை. நாற்பது வயதில் இதே கட்டளையைப் பிசகாமல் நிறைவேற்றிய அதே மனிதர்தான் அவர். வால்வு மாறவில்லை, மருந்து மாறவில்லை. நிறைவேற்றும் ஆற்றல் மட்டும் குறைந்திருக்கிறது. வால்வுக்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்று ஆராய்ந்த அளவுக்கு, இந்த ஆற்றலுக்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்று மருத்துவம் ஆராயவில்லை.

5. மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான சான்று ஒன்று உண்டு. இதயத் துடிப்புக் கோளாறுக்காக வார்ஃபரின் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட பாஸ்டன் ஆய்வின் அடிப்படையில் 1991இல் வெளிவந்த கட்டுரை, அம்மருந்து தன்னளவில் வாழ்க்கைத் தரத்தைக் குறைக்கவில்லை என்று காட்டியது. மாத்திரையும் பரிசோதனையும் சுமைதான் என்ற பொதுக்கருத்தை அது மறுத்தது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ரத்தக்கசிவு நேர்ந்தவர்களிடம் மட்டும் தங்கள் உடல்நலம் பற்றிய மதிப்பீடு சரிந்திருந்தது. இதை என் வாதத்துக்கு மறுப்பாகவன்றி அதன் திருத்தமாகவே படிக்கிறேன். சுமையாவது மாத்திரை அல்ல, கட்டுப்பாடு இழந்த மாத்திரை. ஆய்வில் பங்கேற்றவர்கள் ஒழுங்கான கண்காணிப்பில் இருந்தவர்கள். அந்தக் கண்காணிப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வேறு தரவு பார்க்க வேண்டும்: உலோக வால்வில் அடைப்பு உண்டாக்கும் உறைகட்டி வளர்ந்த நாடுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே இருக்க, வளரும் நாடுகளில் ஆறு வரை போகிறது என்று மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. வேறுபாட்டின் பெரும்பகுதி கண்காணிப்பில்தான் இருக்க வேண்டும்.

கீழே விழும் முதியவருக்கு இந்த மருந்து ஆபத்து, நிறுத்திவிடுவதே நல்லது என்பது இன்னொரு தரப்பு. தலையில் அடிபட்டு மூளையுறைக்குக் கீழே ரத்தம் தேங்கும் அச்சம் பொய்யானதல்ல. 1999இல் கனடிய ஆய்வாளர்கள், துடிப்புக் கோளாறுள்ள முதியவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 295 முறை விழுந்தால்தான் அந்த அபாயம் வார்ஃபரினின் நன்மையை விஞ்சும் என்று கணித்தார்கள். இந்த எண்ணை நான் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனை முறை விழுகிறார் என்பதைவிட எப்படி விழுகிறார் என்பதே முக்கியம், கணிப்பின் அடிப்படைத் தரவுகளும் பழையவை. ஆனால் அது காட்டும் திசை சரியானது. உலோக வால்வு உள்ளவருக்கோ நிறுத்துவதன் அபாயம் துடிப்புக் கோளாறு மட்டும் உள்ளவரைவிடப் பெரிது. எனவே விழுதலுக்கான மருந்து, மாத்திரையை நிறுத்துவது அல்ல; குளியலறைக் கைப்பிடி, கண்புரை அறுவை, தூக்க மாத்திரையைக் குறைப்பது, தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் சி.டி. ஸ்கேன் என்ற விதி. பல் பிடுங்குவதற்காக மாத்திரையை நாள்கணக்கில் நிறுத்தச் சொல்வதும் இதே வகைத் தவறு. எளிய பல் அகற்றலை ஐ.என்.ஆர். இலக்குக்குள் இருக்கும்போதே, அந்த இடத்தில் ரத்தத்தைக் கட்டுப்படுத்திச் செய்யலாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல். அதற்குமுன் வால்வில் தொற்று ஏறாமலிருக்க ஆன்டிபயாட்டிக் தருவதே மறக்கக்கூடாதது.

மூன்றாவது மறுப்பு எதிர்காலத்தை நம்பச் சொல்கிறது. 2002இல் பிரான்சின் ருவானில் அலன் கிரிபியே தொடை வழியே குழாய் செலுத்தி மகாதமனி வால்வைப் பொருத்தினார். அந்த முறை இன்று பரவிவிட்டது, பழைய திசு வால்வுக்குள் புதியதைச் செருகவும் முடிகிறது. ஆகவே உலோக வால்வின் காலம் முடிகிறது, அதன் முதுமைச் சிக்கலும் தானே தீரும் என்கிறார்கள். இனிமேல் அறுவைக்கு வருபவர்களுக்கு இது பெருமளவு பொருந்தலாம். ஏற்கெனவே உலோக வால்வு உள்ளவர்களுக்கு இதில் பயனில்லை. அதற்குள் குழாய்வழி வால்வைச் செருக முடியாது. பரிசோதனை தேவைப்படாத புதிய உறைவு எதிர்ப்பு மருந்துகள் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. உலோக வால்வு நோயாளிகளிடம் டாபிகட்ரானைச் சோதித்த ரீ-அலைன் ஆய்வு உறைவும் கசிவும் இரண்டுமே கூடியதால் இடையில் நிறுத்தப்பட்டு 2013இல் முடிவுகள் வெளியாயின. ஆன்-எக்ஸ் வகை உலோக வால்வில் அபிக்சபானைச் சோதித்த ஆய்வும் 2022இல் இடையில் நிறுத்தப்பட்டது. இன்று அறுபதைக் கடக்கும் உலோக வால்வு நோயாளிக்குத் தம் மீதி ஆயுள் முழுக்க வார்ஃபரின் குடும்பத்தைத் தவிர வேறு வழி இல்லை.

6. யார் தோளில்?

அப்படியானால் ஏற்பாட்டை மேம்படுத்துவதே எஞ்சும் வழி. உலகில் இதற்கு இரண்டு மாதிரிகள் உள்ளன. நெதர்லாந்தில் 1949 முதலே உறைவுத் தடுப்புச் சேவை மையங்கள் இயங்குகின்றன. ரத்தம் எடுப்பது, அளவை முடிவு செய்வது, மாத்திரை நாட்காட்டி தருவது எல்லாம் அம்மையத்தின் பொறுப்பு. வெளியே வர இயலாத முதியவரின் வீட்டுக்குச் செவிலியர் செல்கிறார். நம்மைப் போலவே அங்கும் அசினோகூமரால் பரவலான மருந்து என்பதைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனி வேறு வழியில் சென்றது. நோயாளிக்கே பயிற்சி தந்து, விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து, சிறு கருவியில் ஐ.என்.ஆர். பார்த்து, அளவைத் தாமே திருத்திக்கொள்ளச் செய்தது. 1999இல் அங்கு வெளியான குலுக்கல் முறை ஆய்வு, உறைவு எதிர்ப்பு மருந்துக்கென்றே வடிவமைத்த வினாநிரலைப் பயன்படுத்தியது. அதன் ஐந்து கூறுகளில் அன்றாடத் தொல்லையும் மனவேதனையும் உறவுகளில் ஏற்படும் இறுக்கமும் அடங்கும். தாமே நிர்வகித்தவர்களின் வாழ்க்கைத் தரம் தெளிவாக உயர்ந்திருந்தது. எஸ்.எஃப்.-36 காட்டாததைச் சரியான கேள்வி காட்டியது.

முதியவரால் இது முடியுமா? 2012இல் பதினொரு ஆய்வுகளின் 6,417 பேரின் தரவுகளை ஒன்றிணைத்த ஆய்வு, சுயபரிசோதனை செய்தவர்களிடம் உறைகட்டி நிகழ்வுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததையும் பெரிய ரத்தக்கசிவு கூடவில்லை என்பதையும் கண்டது. நன்மை இளையவர்களிடம் அதிகம்தான். ஆனால் 85 வயதைக் கடந்த 99 பேரிடமும் தீங்கு எதுவும் தென்படவில்லை. ஆய்வுக்கு ஒப்புக்கொண்டு பயிற்சியை முடித்தவர்கள் இவர்கள் என்பதால் எல்லா முதியவர்களுக்கும் இது பொருந்தும் என்று நான் வாதிட மாட்டேன். மாறாக, அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 2,922 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வையே நமக்கு அதிகம் பயன்படுவதாகக் கருதுகிறேன். வாரந்தோறும் வீட்டில் பரிசோதித்தவர்களுக்கும், மாதந்தோறும் தரமான மையத்தில் பரிசோதித்தவர்களுக்கும் இடையே பக்கவாதத்திலோ பெருங்கசிவிலோ இறப்பிலோ வேறுபாடு இல்லை. மனநிறைவில் வீட்டுக் குழு சற்று மேலே இருந்தது. கருவி யார் கையில் என்பதைவிட, ஒழுங்கும் பொறுப்பேற்கும் ஆளும் இருக்கிறார்களா என்பதே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வீட்டுப் பரிசோதனைக் கருவிக்கான பட்டைகளின் விலையை ஏழைக் குடும்பத்தின் மீது ஏற்றாமலேயே நல்ல விளைவை எட்ட முடியும்.

தமிழ்நாட்டில் இதற்கான அமைப்பு புதிதாகக் கட்டப்பட வேண்டியதில்லை என்பதுதான் இந்த விவாதத்தை அவசரமாக்குகிறது. 2009இல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டமும் அதன் வழிவந்ததும் இதய அறுவைச் சிகிச்சையை ஏழைகளுக்கு எட்டச் செய்தன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. அந்தப் பணியாளரின் பையில் விரல்நுனி ஐ.என்.ஆர். கருவி ஒன்றைச் சேர்ப்பதும், முடிவைத் தொலைபேசியில் மாவட்ட மருத்துவமனைக்குச் சொல்லி அன்றே மருந்தளவைப் பெறுவதும் நெதர்லாந்து மாதிரியின் எளிய வடிவமாகும். உலோக வால்வு நோயாளிகள் ஒரு வட்டாரத்தில் சிலரே இருப்பார்கள், அவர்களுக்காக இவ்வளவு செலவா என்று கேட்கலாம். சிலரே என்பதால்தான் இது கைக்கு அடங்குவது. ஒரு பக்கவாதத்துக்கு மருத்துவமனையிலும் வீட்டிலும் ஆகும் செலவு ஆண்டுக்கணக்கான பரிசோதனையைத் தாங்கும். தவிரவும், அரசு தன் செலவில் பொருத்திய வால்வுக்கு, அதைச் சுமப்பவர் மூப்படையும் காலத்திலும் அரசு பொறுப்பேற்பதே முறை.

ஆய்வாளர்களின் கடமையும் இதோடு சேர்ந்தது. வால்வு மாற்றியவர்களின் பதிவேடு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளோடு முடிகிறது; அது இறக்கும் நாள் வரை நீள வேண்டும். ஐ.என்.ஆர். இலக்குக்குள் கழிந்த நாட்களின் விகிதத்தைக் கணக்கிடும் முறையை லைடன் குழுவினர் 1993இலேயே தந்துவிட்டார்கள். அந்த விகிதத்தை அறுபதைக் கடந்தவர்களுக்குத் தனியே, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனியே, தனித்து வாழ்பவருக்கும் குடும்பத்தோடு வாழ்பவருக்கும் தனியே கணக்கிட வேண்டும். உறைவு எதிர்ப்பு மருந்துக்கான வினாநிரல் தமிழில் சோதித்து உறுதிசெய்யப்பட்டு, பக்கவாதத்தில் பேச்சிழந்தவரின் சார்பில் அவரைப் பராமரிப்பவரிடமும் கேட்கப்பட வேண்டும். மாத்திரையை யார் எடுத்துத் தருகிறார் என்ற கேள்வி அந்த வினாநிரலின் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.